கண்கள் பனித்த நாற்பத்தோரு இடங்கள்

மறைமலை நகர் செந்தூரம் அபார்ட்மெண்டுக்கு அரக்க வேந்தனின் மகள் குடிவந்தபோது, அங்கே இருந்த நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் ஒரே குரலில் கேட்டது, மார்கழி மாதத்தில் யாராவது வீடு மாறுவார்களா என்பதைத்தான். அவள் தலையில் இரண்டு சாண் நீளத்துக்குக் கொம்பு இருந்ததையும், கால் தரையில் படாமல் அரை அடி உயரத்தில் மிதந்து வந்ததையும், கூடவே வெள்ளி நிறத் தலைமுடியும் இடுப்பில் வாளுமாக இன்னொருத்தி பெட்டியை இழுத்துக்கொண்டு வந்ததையும், அந்த இன்னொருத்தியின் தோளில் கோழியளவுக்கு ஒரு டிராகன் உட்கார்ந்து கொட்டாவி விட்டதையும் அவர்கள் பார்க்காமல் இல்லை. பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள், ஆனால் கொம்பு என்பது பிறவியில் வருவது, அதற்கு யார் என்ன செய்ய முடியும்; மார்கழி அப்படியா? தை பிறக்கப் பதினொரு நாள் பொறுக்க மாட்டாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களே, வீட்டில் சொல்லி வளர்க்கவே இல்லையா என்று இரண்டு நாள் பேசித் தீர்த்தார்கள். வாட்ச்மேன் கேட்டது ஒரே கேள்வி, ஃபேமிலியா பேச்சிலரா என்று, ஏனென்றால் கேட்டில் ‘குடும்பத்தினருக்கு மட்டும்’ என்று போர்டு மாட்டியிருக்கிறது. குடும்பம்தான் என்றாள் வாள்காரி. அவர் பி-பன்னிரண்டின் சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஏ பிளாக் ஏழாம் நம்பர் வீட்டுப் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சொர்ணவல்லிக்கு மட்டும் கையிலிருந்த நைட்டி நழுவிக் கீழே விழுந்தது. ஆச்சரியத்தில் விழவில்லை, பயத்தில் விழுந்தது, ஏனென்றால் வந்த இரண்டு பேரையும் அவளுக்குத் தெரியும். வாள்காரியின் பெயர் ரோசவீனா, கொம்புக்காரியின் பெயர் யுமெனோ, இரண்டு பேரையும் ஜப்பான் மொழியிலிருந்து தமிழுக்கு ஏழு பாகமாகக் கொண்டுவந்தவளே சொர்ணவல்லிதான்.

சொர்ணவல்லிக்குப் பகல் உத்தியோகம் ஒரகடத்தில் ஒரு ஜப்பான்காரக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பேச்சு மொழிபெயர்ப்பு. மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு நீயெல்லாம் மனுஷனா என்று கேட்டால், சார் கொஞ்சம் வருத்தப்படுகிறார் என்று தமிழில் சொல்வாள். இந்தப் பக்கத்து சூப்பர்வைசர் இவன் மண்டையில் மூளை இருக்கிறதா என்று கேட்டால், அவருக்கு ஒரு சின்னச் சந்தேகம் என்று ஜப்பான் மொழியில் சொல்வாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்தத் தொழிற்சாலையில் ஒரு ஸ்ட்ரைக் கிடையாது, அடிதடி கிடையாது. எதையும் மழுப்பி, மெழுகி, கூர் தெரியாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கதைகளை மொழிபெயர்த்தாள். ஜப்பானில் இந்த வகைக் கதை ஏராளம். சின்னச் சின்னப் புத்தகமாக வரும், அட்டையில் முகத்தில் பாதிக்குக் கண்ணாக இரண்டு பெண்கள் நிற்பார்கள், தலைப்பை வாசித்து முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். இதன் தலைப்பு, ‘அரக்க வேந்தன் மகளைக் கொல்லப் போன நான் வாளை அவள் வீட்டிலேயே மறந்துவிட்டதால் வாராவாரம் போக வேண்டியிருக்கிறது.’ முதல் பாகத்தில் இருவருக்கும் சண்டை, இரண்டாம் பாகத்தில் ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்தி கஞ்சி வைத்துக் கொடுப்பாள், மூன்றாம் பாகத்தில் விரல்நுனி பட்டதா இல்லையா என்பதற்கே நாற்பது பக்கம், நாலாம் பாகத்தில் வாணவேடிக்கை நடக்க அதன் வெளிச்சத்தில் ஒருத்தி எதையோ சொல்ல, வெடிச் சத்தத்தில் மற்றவளுக்குக் கேட்காது. படிக்கிற நமக்குத்தான் அட சொல்லித் தொலையேன் என்று வரும். ஐந்தாம் பாகத்தில் சொல்லிவிடுவார்கள், அதற்கப்புறம் முத்தமாகக் கொடுப்பார்கள், எட்டாம் பாகத்தில் கல்யாணம்.

இதைத் தமிழில் போட்டவர் வெண்பாவைப் பதிப்பகம் தணிகாசலம். கோலப் புத்தகமும் முப்பது நாளில் இந்தியும் போடுகிறவர், தங்கமான மனிதர், ஒருத்தரைக் கடிந்து பேச மாட்டார். முதல் பாகத்தைக் கையில் வாங்கும்போதே, சண்டை இருக்கட்டும் டிராகன் இருக்கட்டும் பேய் பிசாசு எது வேண்டுமானாலும் இருக்கட்டும், அந்த இடம் வந்தால் மட்டும் ‘கண்கள் பனித்தன’ என்று போட்டுவிடம்மா, நம் வாசகர்கள் பாவம் என்றார். சொர்ணவல்லியும் போட்டாள். இருவரின் முகங்களும் நெருங்கின, கண்கள் பனித்தன. மூச்சு மூச்சைத் தொட்டது, கண்கள் பனித்தன. ஏழு பாகத்தில் நாற்பத்தோரு இடம். எட்டாம் பாகத்தில் முப்பத்திரண்டு பக்கத்துக்குக் கல்யாணம் நடக்கிறதே, அதை என்ன செய்வது என்று கேட்டபோது தணிகாசலம் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ரெண்டு பேரும் சின்ன வயதில் பிரிந்துபோன அக்கா தங்கை என்று முடித்துவிடேன் என்றார். அவள் பத்தே நிமிஷத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினாள். அனுப்பிய நாலாம் நாள்தான் இவர்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள்.

சரி, அபார்ட்மெண்டுக்கு வருவோம். அபார்ட்மெண்ட் அவர்களை எவ்வளவு சுலபமாகத் தனதாக்கிக்கொண்டது என்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ரோசவீனாவை ரோசி ஆக்கினார்கள், யுமெனோவை யமுனா ஆக்கினார்கள். யமுனா தினமும் காலையில் எழும்பிப் பறந்துபோய் மேல்தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துச் சொன்னாள், மோட்டார் போடுகிற தகராறு அன்றோடு ஒழிந்தது. பலாப்பழம் வாங்கியவர்கள் ரோசியிடம் வாள் கேட்டு அனுப்பினார்கள், எண்ணெய் தடவிக் கொடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தாள். டிராகனை இஸ்திரிக்காரர் தன் வண்டிப் பக்கத்தில் கட்டிக்கொண்டார். அதுவும் கரிப்பெட்டியில் நெருப்பு ஊதிக்கொடுத்துவிட்டுப் பொரி தின்றுகொண்டு கிடந்தது. மாட்டுப்பொங்கலன்று பி பிளாக் விசாலம், ஊர் வரன்களெல்லாம் தன் டைரியில் இருக்கிறது என்று பெருமைப்படுகிறவள், ஒரு கிண்ணத்தில் நீலப் பெயிண்டும் தட்டில் மஞ்சள் குங்குமமும் எடுத்துக்கொண்டு போய், தப்பா எடுத்துக்காதம்மா, நல்ல நாளும் அதுவுமா கொம்பு வெறிச்சோடிக் கிடக்கக் கூடாது என்று யமுனாவை மணையில் உட்காரவைத்து இரண்டு கொம்புக்கும் வர்ணம் பூசி நுனியில் பூச்சுற்றிவிட்டாள். ஒரு நாட்டு இளவரசிக்கு இன்னொரு நாட்டில் செய்யும் மரியாதை இதுதான் போலிருக்கிறது என்று யமுனா கைகூப்பினாள்.

அந்த இரண்டு பேரும் பேசியது அச்சுத் தமிழ். சொர்ணவல்லி எழுதிய தமிழ்தானே, வேறு எப்படிப் பேசுவார்கள்? கீரைக்காரரிடம்கூடத் தாங்கள் இந்தக் கட்டினை என்ன விலைக்கு அளிக்கின்றீர்கள் என்றுதான் கேட்டார்கள். நல்ல பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் என்று அதற்கும் பாராட்டு விழுந்தது. ஒருத்திக்கு ஒருத்தி என்ன உறவு என்பதைச் செக்ரட்டரி வேதமூர்த்தி, வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், அவர்களைக் கேட்காமலே அக்கா தங்கை என்று ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டார். ஒருத்திக்குக் கொம்பு இருக்கிறது ஒருத்திக்கு இல்லையே என்று யாரோ இழுத்தபோது, ஒருத்தி அப்பா ஜாடையா இருப்பா என்றார்.

கண்தான் எல்லோரையும் கலவரப்படுத்தியது. ரோசியும் யமுனாவும் முகத்தோடு முகம் நெருங்கினால் போதும், லிஃப்டில் ஆகட்டும் மொட்டைமாடியில் ஆகட்டும், இரண்டு பேர் கண்ணிலிருந்தும் தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டும், இருவரும் திகைத்துப்போய் ஆளுக்கொரு பக்கம் விலகி முந்தானையாலும் மேலங்கியாலும் துடைத்துக்கொள்வார்கள். விசாலம் பார்த்த மாத்திரத்தில் மெட்ராஸ் ஐ என்றாள். வாட்ஸப் குழுவில் செய்தி போனது, மறுநாள் நாற்பத்தெட்டு வீட்டிலும் கூலிங் கிளாஸ் ஏறியது, பால்காரர்கூடக் கறுப்புக் கண்ணாடியோடு வந்து பாலை வெளியே ஊற்றிவிட்டுப் போனார். கண் டாக்டர் ஒருவர் வந்து வரிசையாக எல்லோருக்கும் டார்ச் அடித்துப் பார்த்து, யாருக்கும் ஒன்றும் இல்லை என்று சொன்னதை யாரும் ஏற்கவில்லை. விஷயம் தெரிந்தவள் ஒருத்திதான், அவள் ஏழாம் நம்பர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழாம் நம்பரில் அவளோடு இருந்தவள் டெல்பின். தூத்துக்குடிக்காரி, செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட், ஒன்பது வருஷமாகச் சொர்ணவல்லியின் உயிர். இந்த வீட்டுக்கு வந்த அன்று உறவுமுறை என்ற கட்டத்தில் சொர்ணவல்லி ‘சித்தி மகள்’ என்று எழுதினாள். சித்தி மகளுக்கு எப்படி டெல்பின் என்று பெயர் வந்தது, சித்தி எப்போது கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினாள் என்று ஒருத்தர் கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடுமோ என்று எல்லோருக்கும் ஒரு பயம் இருந்திருக்கும்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு விசாலம் ஒரு வரனோடு வந்தாள், பல்லாவரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர், குணசாலி, டெல்பினுக்கு அமைந்தால் பாந்தமாக இருக்கும், அக்கா ஸ்தானத்தில் நீதான் சொல்லணும் என்று சொர்ணவல்லியைப் பார்த்துக் கேட்டாள். டெல்பினும் அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். சொர்ணவல்லி தன் பன்னிரண்டு வருஷத் தொழில் திறமையெல்லாம் ஒன்று திரட்டி, நல்ல இடமாத்தான் தெரியுது, யோசிச்சுச் சொல்றோம்க்கா என்றாள்.

விசாலம் போனதும் டெல்பின் சத்தம் போடவில்லை.

“போன வாரம் ஆஸ்பத்திரில ஒரு ஃபாரம் குடுத்தாங்க சொர்ணா. அவசரம்னா யாரைக் கூப்பிடணும், அவங்க உனக்கு என்ன உறவுன்னு. நான் யோசிக்கவே இல்ல, கை பாட்டுக்கு அக்கான்னு எழுதிருச்சு. எழுதினதைப் பார்த்து எனக்கே பயமாப் போச்சு.”

கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்குப் பதிவு செய்துவிட்டேன், இருன்னு நீ ஒரு வார்த்தை எல்லார் முன்னாலயும் சொல்லாம நான் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு டெல்பின் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மிக்சிச் சத்தம் தவிர வேறு பேச்சு இல்லை.

காணும் பொங்கலன்று காலையில், டெல்பின் கடைக்குப் போயிருந்த நேரம், ரோசவீனாவும் யுமெனோவும் வந்து ஏழாம் நம்பர் கதவைத் தட்டினார்கள். சொர்ணவல்லி நாற்காலி போட்டாள். ஒருத்தி உட்கார்ந்தாள், ஒருத்தி நாற்காலிக்கு மேலே உட்கார்ந்தாள். உங்களுக்கு ஜப்பானில் கல்யாணம் ஆகிவிட்டதே, அங்கேதானே இருக்க வேண்டும் என்று சொர்ணவல்லி திக்கித் திணறிக் கேட்டாள்.

“அவர்களுக்கு ஆகிவிட்டது,” என்றாள் ரோசவீனா. “அவர்கள் ஏரிக்கரையில் வீடு கட்டிக்கொண்டு நலமாக இருக்கிறார்கள். நாங்கள் தங்கள் தமிழில் இருப்பவர்கள். திங்கட்கிழமை அச்சு ஏறினால் நாங்கள் சகோதரிகள் ஆகிவிடுவோம். எட்டுப் பாகம் நடந்து வந்தோம் அம்மா, எங்கள் திருமணத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்?”

சொர்ணவல்லி பதிப்பகம் என்றாள், வாசகர்கள் என்றாள், சூழ்நிலை என்றாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் யுமெனோ தலையைக் குனிந்துகொண்டு, நீலக் கொம்பு மின்விசிறியில் படாமல் ஒதுக்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்:

“நேற்றுத் தேநீர் கொடுக்கும்போது, என்னை அறியாமல் இவளை அக்கா என்று அழைத்துவிட்டேன். எனக்கு அச்சமாக இருக்கிறது.”

சொர்ணவல்லிக்கு அழுகை வந்தது. கண் பனிக்கவெல்லாம் இல்லை, மூக்கு ஒழுக, தோள் குலுங்க, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இப்படிக் கெடுத்துவிட்டோமே, நான்கு பேரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டோமே என்று வாய்விட்டே சொன்னாள். ரோசவீனா எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று பகல் முழுக்க அவள் உட்கார்ந்து அந்த முப்பத்திரண்டு பக்கத்தையும் மொழிபெயர்த்தாள். ஒரு வரியை மெழுகவில்லை. மோதிரம் மாற்றிக்கொண்டதை எழுதினாள், அரக்க வேந்தன் மகளைக் கட்டிக்கொண்டு விசும்பியதை எழுதினாள், முத்தம் வந்த இடத்தில் முத்தம் என்றே எழுதினாள். மறுநாள் சனிக்கிழமை காலையில் அனுப்பிவிட்டுத் தணிகாசலத்தைக் கூப்பிட்டு, இதைப் போடுவதாக இருந்தால் என் பெயரைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஏழு பாகத்திலிருந்தும் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். அவர் அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டார். எனக்குத் தெரியாதாம்மா, என் பொண்ணே ஒவ்வொரு பனித்தனவுக்கும் அடியில பென்சில்ல கோடு போட்டுத்தான் படிக்கிறா, ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாம் எப்பக் கல்யாணம்னு கடுதாசி போடுது, நான்தான் யாருக்காக ஒளிச்சுக்கிட்டு இருந்தேன்னு தெரியல என்றார். முதல் பக்கத்தில் மட்டும் யாவும் கற்பனை என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். போட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு பி பிளாக் லிஃப்ட் வாசலில், கீரைக்காரரும் இஸ்திரிக்காரரும் விசாலமும் இன்னும் ஆறேழு பேரும் நிற்க, ரோசியும் யமுனாவும் முகத்தோடு முகம் நெருங்கினார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நெருங்கியவர்கள் நெருங்கியபடியே முத்தம் கொடுத்துக்கொண்டார்கள், நாற்பத்தோரு பாக்கியையும் சேர்த்துக் கொடுத்ததால் கொஞ்சம் நேரம் ஆயிற்று. நின்றவர்கள் அத்தனை பேரும் சரியாகத் தெரியவில்லை என்று கூலிங் கிளாஸைக் கழற்றினார்கள். அந்த வினாடியிலிருந்து செந்தூரம் அபார்ட்மெண்டில் மெட்ராஸ் ஐ ஒழிந்தது, அதைப்பற்றிச் சந்தோஷப்பட யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவசர ஜெனரல் பாடி கூடியது. ஹாலில் சொர்ணவல்லி முன்வரிசையில் இருந்தாள், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டெல்பின் கடைசி வரிசையில், சாயங்காலத்துப் பயணத்துக்குத் தலைக்குக் குளித்து ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள். வேதமூர்த்தி விதிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, பறக்கிறதில் ஆட்சேபம் இல்லை, கொம்பில் இல்லை, டிராகனில் சுத்தமாக இல்லை, ஆனால் இது குடும்பங்கள் இருக்கிற இடம் என்றார். நாங்களும் குடும்பம்தான், எட்டாம் பாகத்தில் மணம் முடித்துக்கொண்டோம் என்று ரோசவீனா எழுந்து நின்று சொன்னாள்.

“இதெல்லாம் கதைலதான்மா நடக்கும்,” என்றார் வேதமூர்த்தி, அவருக்குப் பக்கத்தில் நாற்காலிக்கு இரண்டடி மேலே அரக்க வேந்தனின் மகள் உட்கார்ந்திருந்தாள்.

“ஆம். நாங்கள் கதையிலிருந்துதான் வந்திருக்கிறோம்,” என்றாள் ரோசவீனா.

ஹாலில் ஒரு பெரிய மூச்சு வெளிப்பட்டது. அட, கதையிலிருந்து வந்தவர்களா, அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்றார்கள். கதையில் என்ன வேண்டுமானாலும் வரும், அவர்கள் எப்படி இருந்தால் நமக்கென்ன, நம் வீட்டுப் பிள்ளைகளா என்ன என்று விசாலமே முதலில் சொன்னாள். அவர்கள் தாராளமாக இருக்கலாம், தண்ணீர்த் தொட்டியும் பார்க்க வேண்டுமே என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். வேதமூர்த்திக்கு நிம்மதியில் குரலே குழைந்துவிட்டது. நிஜ மனுஷங்கன்னா நம்ம சொர்ணவல்லியும் டெல்பினும் மாதிரி, அக்கா தங்கச்சியா எவ்வளவு கௌரவமா ஒன்பது வருஷம் இருக்காங்க, என்னம்மா நான் சொல்றது சரிதானே என்று கேட்டார்.

சொர்ணவல்லி ஆமாம் சார் என்று சொன்னால் கூட்டம் முடிந்துவிடும், எல்லோரும் சாப்பிடப் போவார்கள், சாயங்காலம் பஸ் கிளம்பிவிடும். அவள் எழுந்தாள்.

“தப்பு சார். டெல்பின் என் சித்தி மக இல்ல, தங்கச்சியும் இல்ல. நாங்களும் இவங்களை மாதிரிதான். அவ போகக் கூடாது. அவ இல்லாம என்னால அந்த வீட்ல இருக்க முடியாது.”

கொம்பைப் பார்த்து அசையாத, டிராகனைப் பார்த்து அசையாத அந்த அபார்ட்மெண்ட் அன்றைக்குத்தான் முதல்முதலாக வாயைப் பிளந்தது. வேதமூர்த்தி விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், பிறகு எப்படியாவது அவளைக் காப்பாற்றிவிட வேண்டும் என்கிற தவிப்போடு, ஏறக்குறைய கெஞ்சுவதுபோல் கேட்டார்:

“நீங்களும் ஏதாவது கதையில வர்றவங்களாம்மா?”

“இல்ல சார். நாங்க ஏ பிளாக், ஏழாம் நம்பர்.”

கடைசி வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. டெல்பின் நடுவழியே வந்தாள், அவளுக்கு வழிவிடக் கால்களை மடக்கிக்கொள்ள வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை, ஒவ்வொரு முழங்காலாகத் தள்ளிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து சேர்ந்தாள், ஆறு நாளாகப் பேசாத வாயைத் திறந்தாள்.

“காலைல எதுவும் சாப்பிடலதானே நீ?” என்றாள். “வா, வீட்டுக்குப் போலாம்.”